நர்ஸின் பதிலுக்குக் காத்திருப்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் கில்லீன் நகரில் 2016 ஜனவரியில் நடந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்தேன். வகுப்பில் ஆஸ்துமாவால் மூச்சுத் திணறி நாற்காலியிலிருந்து விழுந்த மாணவியை, அனுமதி கேட்காமல் தூக்கிக்கொண்டு நர்ஸ் அறைக்குப் போன 15 வயதுப் பையனைப் பள்ளி இரண்டு நாள் இடைநீக்கம் செய்தது. அவன் செய்ததில் தவறே இல்லை என்று முடித்திருந்தீர்கள்.

நான் டாலஸ் பக்கம் பள்ளிகளில் மாற்று ஆசிரியராகப் போய்வருகிறேன். நர்ஸுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த அந்த வகுப்பு ஆசிரியரின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன். வகுப்பு நிறையப் பிள்ளைகள். அவர்களை விட்டு நான் நகரக் கூடாது. உடம்பு சம்பந்தமாக எதுவானாலும் நர்ஸுக்குத்தான் தகவல் சொல்ல வேண்டும், நானாக எதுவும் செய்யக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். தூக்கிக்கொண்டு போகும்போது அவன் கைநழுவ விட்டு அந்தப் பெண்ணுக்குத் தலையில் அடிபட்டிருந்தால்? கோர்ட்டில் போய் நிற்பது யார்? போதாததற்குக் கெட்ட வார்த்தை வேறு சொல்லியிருக்கிறான். இன்றைக்கு நல்ல காரியத்துக்காக விதியை மீறியவனைத் தூக்கிவைத்துப் பேசினால், நாளைக்கு ஆளாளுக்குத் தங்களுக்கு நல்லது என்று தோன்றுவதைச் செய்வார்கள். அப்புறம் வகுப்பு எப்படி நடக்கும்?

என் மகன் எட்டாம் வகுப்பு. இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அம்மா, நானா இருந்தா என்ன செய்யணும்?" என்றான். "டீச்சர்கிட்ட சொல்லு, அதோட உன் வேலை முடிஞ்சுது" என்றேன். அப்படிச் சொன்னது தவறா?

கே., டாலஸ்

அன்புள்ள கே.,

உங்கள் பயம் நியாயமானது. ஒரு வகுப்பைத் தனியாக மேய்க்கிற ஆசிரியருக்கு என்னென்ன சங்கடங்கள் உண்டு என்பதை நம்மில் பலர் யோசிப்பதே இல்லை. ஆனாலும் நான் எழுதியதில் உறுதியாகத்தான் இருக்கிறேன். ஏன் என்று சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த வகுப்பில் என்ன நடந்தது என்பதை வரிசையாகப் பார்ப்போம். இதில் நமக்குக் கிடைத்திருப்பது பையன் தரப்புக் கதை மட்டும் அல்ல. ஆசிரியரே எழுதிக்கொடுத்த புகார்த் தாள் செய்திகளில் வெளிவந்தது. மூச்சுவிட முடியவில்லை என்று மாணவி சொல்கிறாள். நர்ஸுக்கு மின்னஞ்சல் போகிறது. பதிலுக்காகக் காத்திருக்கும்போதே அவள் நாற்காலியிலிருந்து தரையில் விழுகிறாள். அப்போதுதான் பையன் எழுந்து போய் அவளைத் தூக்குகிறான். நர்ஸின் ஈமெயிலுக்கெல்லாம் காத்திருக்க நேரமில்லை என்று ஒரு வசவோடு சொல்லிவிட்டு வெளியே போகிறான். அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடமும் நர்ஸ் அறைதான். விதி அவளை எங்கே சேர்க்க வேண்டுமோ, அதே இடத்தில்.

ஆஸ்துமா வேகமெடுக்கும்போது நடப்பதைத் தெரிந்துகொண்டால் அந்தக் காத்திருப்பின் கனம் புரியும். மூச்சுக்குழல்களைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உள்சுவர் வீங்குகிறது, சளி அடைக்கிறது. மூச்சை இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரும்பாடு. பழைய காற்று உள்ளேயே தேங்கிவிடுவதால் புதிய காற்றுக்கு இடமில்லாமல் போகிறது. ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒருமுறை குழந்தை நிறுத்துகிறதென்றால் நிலைமை மோசம் என்று பொருள். நெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்த விசில் சத்தம் அடங்கினால் சரியாகிவிட்டது என்று பெரியவர்கள் நிம்மதி அடைவதுண்டு. குழந்தை தெளிவாகப் பேசத் தொடங்காமல் சத்தம் மட்டும் நின்றுபோனால் அது ஆபத்தின் உச்சமாக இருக்கலாம். சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று ஓடவில்லை. சால்பியூட்டமால் இன்ஹேலர் சில நிமிடங்களில் அந்தத் தசையைத் தளர்த்திவிடும். ஆக, எல்லாமே நிமிடக் கணக்கில் நடக்கிற காரியம்.

கைநழுவியிருந்தால் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. ஆஸ்துமா முற்றிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பது முதலுதவியில் முதல் வழி அல்ல. படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். இன்ஹேலர் குழந்தையிடம் வர வேண்டும், குழந்தை இன்ஹேலரைத் தேடிப் போகக் கூடாது. ஒரு மாணவனை நர்ஸ் அறைக்கு ஓட விட்டு, இன்னொருவனைப் பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கூப்பிட அனுப்பி, ஆபீஸுக்குப் போன் போட்டு, அவள் சரிந்த நொடியில் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்திருந்தால் யாரும் யாரையும் தூக்கியிருக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் செய்திருக்க வேண்டிய அந்த முதல் வழியைப் பையன் கண்ணெதிரே காணவில்லை. தன் கைக்கு எட்டிய இரண்டாவது வழியைச் செய்தான்.

விதியை நான் வெறுப்பதாக நினைக்க வேண்டாம். நர்ஸிடம்தான் சொல்ல வேண்டும் என்ற விதி நல்ல விதி. விவரம் தெரியாத ஒருவர் மருந்து கொடுத்து விபரீதமாகிவிடக் கூடாது என்பதற்காக வந்தது. பிள்ளைகள் நினைத்த நேரத்தில் வெளியே போகக் கூடாது என்பதும் அவர்கள் பத்திரத்துக்காகத்தான். இரண்டுமே குழந்தையைக் காப்பாற்ற வந்தவை. ஆனால் நர்ஸ் பதில் சொல்லாவிட்டால் அடுத்து என்ன என்று அந்த விதி சொல்லியிருக்க வேண்டாமா? அதைச் சொல்லாத விதி, தகவல் அனுப்பியவரைப் பழியிலிருந்து காப்பாற்றுமே தவிர, தரையில் கிடக்கும் பெண்ணை எப்படிக் காப்பாற்றும்? நான் சொல்லிவிட்டேன், என் பொறுப்பு தீர்ந்தது என்ற மனநிலைக்கு ஒரு பள்ளி தன் ஆசிரியர்களைத் தள்ளுகிறதென்றால் என் கோபம் அந்தப் பள்ளி மீதுதான். அந்த ஆசிரியர் மீதுகூட இல்லை.

இந்த மனநிலைக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1994-ல் பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரும் மாணவரை ஓராண்டுக்கு வெளியேற்ற வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டமே, தனித்தனி வழக்கைப் பார்த்துத் தண்டனையை மாற்றிக்கொள்ள உள்ளூர் கல்வி அதிகாரிக்கு இடம் விட்டிருந்தது. ஆனால் பல பள்ளி மாவட்டங்கள் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்கள்) 'ஜீரோ டாலரன்ஸ்' என்ற பெயரில் அதே கடுமையை மருந்து, சண்டை, கெட்ட வார்த்தை என்று நீட்டிக்கொண்டே போயின. எது நடந்தது என்று மட்டும் பார், ஏன் நடந்தது என்று கேட்காதே என்பதுதான் அதன் சாரம். இப்படிப்பட்ட விதிகளால் பள்ளிகள் பாதுகாப்பாக மாறியதற்குச் சான்றில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2006-ல் சொல்லிவிட்டது. உங்கள் டெக்சாஸிலேயே 2009-ல் சட்டம் திருத்தப்பட்டது. இடைநீக்கம் செய்யும் முன் மாணவரின் நோக்கம் என்ன என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. கில்லீன் சம்பவம் அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து நடந்தது.

இதைவிடச் சிக்கலான சம்பவம் ஒன்று 2003-ல் அதே மாநிலத்தில், ஹூஸ்டனுக்கு வடக்கே கான்ரோ பள்ளி மாவட்டத்தில் நடந்தது. ஒரு மாணவிக்கு மூச்சுத் திணறல். அன்று இன்ஹேலரை எடுத்துவர மறந்திருந்தாள். அவளுடைய நண்பனுக்கும் ஆஸ்துமா, இருவருக்கும் ஒரே மருந்துதான். தன்னுடையதைக் கொடுத்தான். அவள் தேறிவிட்டாள். பள்ளி நர்ஸ் இதைப் புகார் செய்ய, மருந்து விநியோகித்தான் என்று பையன் கைதானான். பள்ளியிலிருந்து இடைநீக்கமும் ஆனான். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவர் எடுக்கக் கூடாது என்பது சரியான விதிதான், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அவன் கொடுத்தது அவளுக்கு ஏற்கெனவே எழுதப்பட்ட அதே மருந்து. அவனைக் கூப்பிட்டு, "அடுத்த முறை இன்ஹேலரோடு எங்களையும் கூப்பிடு" என்று சொன்னால் போதாதா? கைவிலங்கு எதற்கு?

கனடாவின் ஒன்டாரியோவில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறுவதில்லை. 2012 அக்டோபர். ரையன் என்ற 12 வயதுப் பையனுக்கு இடைவேளையில் ஆஸ்துமா வந்தது. அவனுடைய இன்ஹேலர் பள்ளி ஆபீஸில் பூட்டிவைக்கப்பட்டிருந்தது. அதுதான் விதி. பையில் ஒன்று கூடுதலாக இருந்தாலும் பள்ளி அதை எடுத்துவைத்துக்கொண்டு, தன்னை வந்து வாங்கிப் போகச் சொல்லும் என்று அவனுடைய தாய் பின்னர் சொன்னார். நண்பர்கள் அவனை ஆபீஸுக்குத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தார்கள். போய்ச் சேருவதற்குள் அவன் நினைவிழந்தான். பிழைக்கவில்லை. அந்தத் தாய் விடாமல் போராடி, ஆஸ்துமா உள்ள குழந்தைகள் தங்கள் இன்ஹேலரைத் தாங்களே வைத்துக்கொள்ள வழி செய்யும் சட்டத்தை 2015-ல் கொண்டுவர வைத்தார். அதற்கு ரையன் சட்டம் என்றே பெயர்.

மற்ற இடங்களிலும் போக்கு அதுதான். மாணவர்கள் தங்கள் மருந்தைக் கையில் வைத்துக்கொள்ள அனுமதிக்கும் மாநிலங்களுக்கு நிதியில் முன்னுரிமை தரும் சட்டம் அமெரிக்காவில் 2004-ல் வந்தது. இங்கிலாந்தில் 2014 அக்டோபர் முதல் பள்ளிகள் மருத்துவர் சீட்டில்லாமலே அவசர இன்ஹேலர் வாங்கி வைத்துக்கொள்ளலாம். டெக்சாஸில் 2019-ல் அதுபோன்ற ஏற்பாட்டுக்குச் சட்டம் வழிவிட்டது. மருந்து பூட்டுக்குள் இருப்பதைவிடக் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது நல்லது என்று ஒவ்வொரு நாடாக ஒப்புக்கொண்டு வருகிறது.

ஆளாளுக்குத் தோன்றியதைச் செய்வார்கள் என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். உண்மையில் மனித இயல்பு அதற்கு நேர் எதிர். டார்லி, லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இன்டர்காமில் பேசிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் கேட்கவைத்தார்கள். தான் ஒருவர்தான் இதைக் கேட்கிறோம் என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் அந்த வலிப்பு ஓய்வதற்குள் உதவி கேட்டு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள். மற்றவர்கள் கல்மனசுக்காரர்கள் அல்ல. யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டார்கள். வகுப்பறை என்பது அப்படி ஒரு கூட்டம்தானே? அதிலும் பொறுப்பான பெரியவர் ஒருவர் எதிரே நிற்கும்போது எழுந்திருக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அப்படி எழுந்த ஒரே பிள்ளையைத் தண்டித்தால், உட்கார்ந்தே இருந்த பிள்ளைகள் அதிலிருந்து என்ன படிப்பார்கள்? நான் அஞ்சுவது அதற்குத்தான்.

கெட்ட வார்த்தைக்கு வேண்டுமானால் மறுநாள் கூப்பிட்டுக் கண்டிக்கலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு பெண் மூச்சுக்குத் தவிக்கும்போது பதறிப்போன 15 வயதுப் பையனின் வாயிலிருந்து வந்தது அது என்ற நினைப்போடு கண்டிக்கட்டும்.

சரி, உங்கள் மகனின் கேள்வி. "டீச்சர்கிட்ட சொல்லு" என்றது மிகச் சரி. "அதோட உன் வேலை முடிஞ்சுது" என்பதை மட்டும் இன்று இரவே திருத்திச் சொல்லுங்கள். முதலில் டீச்சரிடம் சத்தமாகச் சொல்ல வேண்டும். நண்பனை நர்ஸ் அறைக்கு ஓடச் சொல்ல வேண்டும். மூச்சுத் திணறுகிறவளைப் படுக்க விடாமல் நிமிர்ந்து உட்கார வைத்து, "உன் இன்ஹேலர் எங்கே? எந்தப் பை?" என்று கேட்டு எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். பேச்சு வரவில்லை, உதடு நீலம் பாய்கிறது, சரிகிறாள் என்றால் யாராவது 911-ஐக் கூப்பிட்டே ஆக வேண்டும். பெரியவர்கள் யாருமே அசையவில்லையென்றால் அவனே கூப்பிடலாம், அவனே ஆளைத் தேடி ஓடலாம். அதற்காகப் பள்ளி தண்டித்தால் அம்மா வந்து பக்கத்தில் நிற்பேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அவன் உங்களிடம் எதிர்பார்த்திருப்பான் என்று நினைக்கிறேன்.

ஆசிரியராக நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எந்தப் பள்ளிக்குப் போனாலும் காலையில் வருகைப் பட்டியல் வாங்கும்போதே, இந்த வகுப்பில் ஆஸ்துமாவோ வலிப்போ கடும் ஒவ்வாமையோ உள்ள பிள்ளைகள் யார், அவர்களுடைய மருந்து எங்கே இருக்கிறது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே ஆபீஸில் இன்னொன்றையும் கேளுங்கள்: நர்ஸ் சாப்பிடப் போயிருக்கும் அரை மணி நேரத்தில் ஒரு பிள்ளை விழுந்தால் நான் எந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும், யார் ஓடி வருவார்?