பாம்பன் பாலத்தில் வெட்டி இழுக்கும் கார்

கேள்வி: என் பழைய பெட்ரோல் கார், பாம்பன் பாலத்தில் லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தாலே வெட்டி வெட்டி இழுக்கிறது. த்ராட்டில் பொசிஷன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: அவசரப்படாதீர்கள். இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் இந்த சென்சார். மண்டபத்தில் என் பட்டறைக்கு இந்தக் குறையோடு வண்டி வந்தால், முதலில் சென்சாரின் கனெக்டரைத்தான் கழற்றிப் பார்ப்பேன். நம் உப்புக்காற்றுக்குக் கனெக்டரின் உலோகப் பின்களில் பச்சை பூத்துவிடும். கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தாலே சரியான வண்டிகள் உண்டு.

அப்புறம் மல்டிமீட்டரில் வோல்ட் பார்க்க வேண்டும். கனெக்டரை மாட்டி, இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். மூன்று வயரில் ஒன்று 5 வோல்ட், ஒன்று எர்த், மற்றது சிக்னல். சிக்னலில், மிதிக்காதபோது சுமார் 0.5, முழுதாக மிதித்தால் 4.5 வோல்ட்டை ஒட்டி வரும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். மெதுவாக, மிக மெதுவாக மிதியுங்கள். சீராக ஏற வேண்டும். நடுவில் சட்டென்று விழுந்து எழுந்தால் சென்சாருக்குள் முனை உரசி நகரும் தடம் தேய்ந்துவிட்டது. முள் மீட்டரில் இது பளிச்சென்று தெரியும். அப்படியென்றால் மாற்றத்தான் வேண்டும்.

ஏற்றம் சீராக இருந்து, தொடக்க அளவு மட்டும் தவறினால், சென்சாரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் துளை நீளமாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, மேனுவல் சொல்லும் வோல்ட் வரும்வரை சென்சாரைத் திருப்பி இறுக்கலாம். வட்டத் துளையென்றால் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. த்ராட்டில் வால்வு எதுவரை மூட வேண்டும் என்று நிறுத்தும் த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள்.