முதல் வாரத்துக்கே போங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பதினைந்து வருடமாக டென்னிஸ் பார்க்கிறேன், எல்லாம் டிவியில்தான். இந்த முறை விம்பிள்டனுக்கு நேரில் போகும் வாய்ப்பு வந்திருக்கிறது. முதல் வாரத்தில் திங்கள் முதல் புதன் வரை மூன்று நாள். சென்டர் கோர்ட் டிக்கெட் இல்லை. காலையில் வரிசையில் நின்று, மைதானத்துக்குள் போய், வெளிக் கோர்ட்டுகளில் நடப்பதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். நண்பர்கள் சிலர், "முதல் சுற்றில் யாரென்றே தெரியாதவர்கள் ஆடுவார்கள். இறுதிப் போட்டி என்றாலும் பரவாயில்லை, இதற்கா இவ்வளவு தூரம்? டிவியில் இன்னும் தெளிவாகத் தெரியுமே" என்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நீங்கள் ஒருமுறை போய் வந்ததாக எழுதியிருந்தீர்கள். அங்கே எதைப் பார்க்கவேண்டும், எப்படிப் பார்க்கவேண்டும் என்று சொல்ல முடியுமா? இன்னொன்று. நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் ஓடும் ஆட்டத்தின் நடுவில் எழுந்து போக முடியாமல் நம்மைப் பிடித்து உட்காரவைப்பது எது? எனக்கு அது நடக்கிறது, ஆனால் யாராவது கேட்டால் விளக்கத் தெரியவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தயங்காமல் போங்கள். அதுவும் முதல் வாரம் என்றால், என்னைக் கேட்டால் அதைவிட நல்ல வாரம் கிடையாது.

நண்பர்கள் சொல்வதில் பாதி சரிதான். இறுதிப் போட்டியை டிவியில் பார்ப்பதில் பெரிய நஷ்டம் இல்லை. அன்றைக்கு எல்லோருடைய கண்ணும் ஒரே கோர்ட்டில் இருக்கும், கேமராவும் அங்கேதான் இருக்கும். முதல் இரண்டு நாளின் கதை வேறு. ஒற்றையரில் ஆண்கள் 128 பேர், பெண்கள் 128 பேர். அப்படியானால் திங்களும் செவ்வாயும் சேர்த்து 128 ஆட்டங்கள் நடந்தாகவேண்டும். நீங்கள் உள்ளே நடந்து போகும்போது இந்தப் பக்கம் ஒரு கோர்ட், அந்தப் பக்கம் ஒரு கோர்ட், எல்லாவற்றிலும் பந்து அடிபட்டுக்கொண்டிருக்கும். ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு கோர்ட் தள்ளி "ஓ" என்று ஒரு சத்தம் எழும். அங்கே என்ன ஆயிற்று என்று மனசு ஓடும். போனால் இங்கே இருக்கும் இடம் போய்விடும். அந்தத் தவிப்பு எந்த ஒளிபரப்பிலும் கிடைக்காது.

"யாரென்றே தெரியாதவர்கள்" என்கிறார்களே, அவர்களில் பலர் அதற்கு முந்தைய வாரம் விம்பிள்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் ரோஹாம்ப்டனில் தகுதிச்சுற்று ஆடி, மூன்று ஆட்டம் ஜெயித்து அந்த இடத்தைப் பிடித்தவர்கள். 2021 அமெரிக்க ஓபனின் தகுதிச்சுற்றுக்கு வந்தபோது எம்மா ரடுகானு தரவரிசையில் 150-ஆவது இடத்தில் இருந்தார். பத்து ஆட்டம் ஆடி, ஒரு செட்கூட விடாமல் பட்டத்தோடு போனார். தகுதிச்சுற்றிலிருந்து வந்து, கிராண்ட் ஸ்லாம் என்னும் நாலு பெரிய போட்டிகளில் ஒன்றில் ஒற்றையர் பட்டம் வென்றவர் அதற்கு முன் யாரும் இல்லை. அப்படி ஒருவரை நீங்கள் இந்த முறை பத்தடி தூரத்தில் பார்க்கலாம். பார்க்கும்போது அது உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

நான் போன அன்று நடந்ததைச் சொல்கிறேன். பெயர் தெரிந்த ஒருவரின் ஆட்டத்தைப் பார்க்கத்தான் கிளம்பினேன். அந்தக் கோர்ட்டில் நிற்கக்கூட இடமில்லை. கால் வலித்தது. பக்கத்துக் கோர்ட்டில் மூன்றாம் வரிசை பெஞ்சில் ஒரு இடம் காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். ஆடிய இரண்டு பேரின் பெயரையும் பலகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எழுந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டிருந்தது.

எனக்கு நேர் எதிரே ஒருவர் சர்வ் செய்யத் தயாரானார். மூன்று பந்தை வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். மேலுறை பஞ்சுபஞ்சாகக் கிளம்பியிருந்த ஒன்றைப் பின்னால் தட்டிவிட்டார். வழுவழுப்பாக இருந்ததைக் கையில் வைத்துக்கொண்டார், மிச்சமிருந்த ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பந்தைத் தூக்கிப் போடும்போது அவர் மூச்சை இழுப்பது எனக்குக் கேட்டது. அப்புறம் அந்த அடி. டிவியில் எல்லா அடியும் ஒரே மாதிரிதான் கேட்கும். நேரில், மட்டையின் நடுவில் பட்ட பந்துக்கு ஒரு சத்தம், கொஞ்சம் தள்ளிப் பட்டதற்கு வேறு சத்தம். அரை மணி நேரம் கேட்டுப் பழகியதும், பந்து எங்கே விழுகிறது என்று பார்க்கும் முன்பே நல்ல அடியா இல்லையா என்று காது சொல்லிவிட்டது.

அவர் இரண்டு செட் பின்தங்கியிருந்தார். பக்கம் மாறும் இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மடித்து மடித்து மடிப்பே கிழிந்துபோன காகிதம். படித்தார், உதடு அசைந்தது. பத்திரமாக மடித்து வைத்தார். அடுத்த இடைவேளையிலும் அதே காகிதம், அதே மாதிரி முதல் வரியிலிருந்து. மூன்றாம் செட்டை எடுத்தார். நாலாவதையும் எடுத்தார். நாங்கள் ஐம்பது அறுபது பேர்தான் இருந்தோம், எல்லோரும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டோம். ஐந்தாவது செட்டில் 6-4 என்று தோற்றார். கைகுலுக்கிவிட்டு வந்து உட்கார்ந்து, அந்தக் காகிதத்தை இன்னொரு முறை எடுத்துப் படித்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அந்த வருடம் பட்டம் ஜெயித்தவரின் முகத்தைவிட எனக்கு இவர் முகம்தான் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நேரில் போனால் மட்டுமே தெரியும் இன்னொரு விஷயம், பந்து போகும் உயரம். டிவி கேமரா கோர்ட்டுக்குப் பின்னால் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து பார்த்தால் கோர்ட் ஒரு தட்டையான படம். பந்து வலையை உரசிக்கொண்டு நேர்கோட்டில் போவது போலத் தெரியும். பக்கவாட்டில், தரையோடு தரையாக உட்கார்ந்து பாருங்கள். வலையின் நடு உயரம் மூன்றடிதான். நல்ல டாப்ஸ்பின் அடி, அதாவது பந்தை முன்னோக்கிச் சுழலவைக்கும் அடி, அதற்கு மேல் இன்னும் மூன்று நாலு அடி உயரத்தில் தாண்டுகிறது. வெளியே போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில், யாரோ கயிறு கட்டி இழுத்தது போலக் கோட்டுக்குள் இறங்குகிறது. எதிரே நிற்பவர் இதையெல்லாம் ஒரு விநாடிக்குள் கணக்குப் போட்டு, ஓடி, கால் ஊன்றி, திருப்பி அடிக்கவேண்டும். முதல் தடவை பார்த்தபோது, இத்தனை வருடம் நான் வேறு ஏதோ ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ என்று தோன்றியது.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. எழுந்து போக முடியாமல் நம்மைப் பிடித்து வைப்பது எது? இந்த ஆட்டத்தை முடித்துவைக்கக் கடிகாரம் கிடையாது, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கால்பந்தில் இரண்டு கோல் முன்னிலை என்றால் பந்தைத் தங்களுக்குள் தட்டிக்கொண்டே நேரத்தை ஓட்டிவிடலாம். ஒருநாள் கிரிக்கெட்டில் ஓவர் தீர்ந்துபோகும். டென்னிஸில் கடைசிப் பாயிண்டை யாராவது ஜெயித்தாகவேண்டும். ஜெயிக்கும்வரை எதிரே நிற்பவருக்கு வழி திறந்தேதான் இருக்கிறது.

2019 விம்பிள்டன் இறுதிப் போட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஐந்தாவது செட்டில் ஃபெடரர் 8-7 முன்னிலை, அவருடைய சர்வ், 40-15. பட்டத்தை முடிக்க இரண்டு வாய்ப்பு, ஒன்று போதும். இரண்டும் போயிற்று. மொத்தம் 4 மணி 57 நிமிடம் ஓடிய ஆட்டத்தில், சமநிலையை முடித்துவைக்கும் டை-பிரேக்கில், கடைசி செட்டை 13-12 என்று எடுத்து ஜோகோவிச் ஜெயித்தார். மொத்தப் பாயிண்டுகளை எண்ணினால் ஃபெடரர் 218, ஜோகோவிச் 204. அதிகப் பாயிண்ட் எடுத்தவர் தோற்றார். 2025 பிரெஞ்சு ஓபன் இறுதியில் அல்கராஸ் நாலாவது செட்டில் 3-5, 0-40. எதிரே ஆடிய சின்னருக்கு வரிசையாக மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட், ஒன்றை ஜெயித்தாலே கோப்பை. அந்த நேரத்தில் டிவியை அணைத்துவிட்டுப் போனவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. 5 மணி 29 நிமிடம் முடிந்தபோது கோப்பை அல்கராஸ் கையில் இருந்தது.

ஃபெடரர் 2024-இல் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசும்போது ஒரு கணக்கு சொன்னார். தான் ஆடிய 1526 ஒற்றையர் ஆட்டங்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் ஜெயித்தாராம். ஆனால் பாயிண்டுகளில் ஜெயித்தது 54 சதவீதம்தான். அவ்வளவு பெரிய ஆட்டக்காரரும் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான். எல்லாப் பாயிண்டும் ஒரே எடை இல்லை என்பதுதான் இதற்குக் காரணம். 40-0 என்று மூன்று பாயிண்ட் முன்னே இருக்கும்போது இழக்கும் பாயிண்ட் பெரிதாகச் சுடாது. 30-30 என்று சமமாக இருக்கும்போது இழப்பது சுடும். அதனால் 30-30 வரும்போது சர்வ் செய்பவரை விட்டுவிட்டு, எதிரே நிற்பவரின் காலைப் பாருங்கள். சிலர் அரை அடி முன்னே வருவார்கள், சிலர் தெரியாமலே பின்னே போவார்கள். அடுத்து என்ன ஆகும் என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

மறக்காமல் 18-ஆம் கோர்ட்டுக்கும் போய் வாருங்கள். 2010-இல் அமெரிக்காவின் இஸ்னரும் பிரான்ஸின் மஹூவும் ஆடிய இடம். அதுவும் முதல் சுற்று ஆட்டம்தான்! செவ்வாய் மாலை தொடங்கி, இருட்டியதால் நின்று, புதன்கிழமை முழுக்க ஐந்தாவது செட்டையே ஆடி 59-59 என்று மறுபடி இருட்டில் நின்று, வியாழனன்று 70-68 என்று இஸ்னர் ஜெயித்து முடித்தார். 11 மணி 5 நிமிடம். ஸ்கோர் பலகை 47-47-லேயே நின்றுபோனது, அதற்கு மேல் எண்ண அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மஹூ தகுதிச்சுற்றிலிருந்து வந்தவர். அங்கேயே ஒரு ஆட்டத்தில் கடைசி செட்டை 24-22 என்று ஜெயித்துவிட்டு வந்திருந்தார். அந்தக் கோர்ட்டின் சுவரில் இதற்காக ஒரு பலகை பதித்திருக்கிறார்கள். இப்போது கடைசி செட்டில் 6-6 ஆனால் பத்துப் பாயிண்ட் டை-பிரேக், 2022-லிருந்து நாலு கிராண்ட் ஸ்லாமிலும் அதே விதி. அப்படி ஒரு ஆட்டம் இனி நடக்காது. ஆட்டக்காரர்களின் உடம்புக்கு அது நல்லது என்று புத்தி ஒப்புக்கொள்கிறது. மனசு ஒப்புக்கொள்ளவில்லை.

காலையில் கையில் ஒரு டிராவும் (யாருக்கு யார் எதிரே என்று காட்டும் அட்டவணை) பேனாவும் இருக்கட்டும். யார் யாரோடு மோதினார்கள், ஜெயித்தவர் அடுத்து யாரைச் சந்திப்பார் என்று நீங்களே எழுதி வாருங்கள். போட்டியைத் தொடர்வதில் பாதி சுகம் அதில்தான் இருக்கிறது. டிரா விசித்திரமானது. அந்த 70-68-க்கு அடுத்த வருடம் சீட்டுக் குலுக்கியபோது இஸ்னருக்கு எதிரே, அதே விம்பிள்டனில், அதே முதல் சுற்றில், மறுபடியும் மஹூவே வந்தார்.

ஆட்டம் நடக்கும்போது வாசலில் நிறுத்திவிடுவார்கள், பக்கம் மாறும்போதுதான் உள்ளே விடுவார்கள். அதனால் அங்கும் இங்கும் அலைந்தால் பாதி நாள் வாசலிலேயே போய்விடும். ஒரு கோர்ட்டில் உட்கார்ந்தால் குறைந்தது ஒரு ஆட்டத்தை முதலிலிருந்து முடிவுவரை பாருங்கள். முதல் நாள் புல் பச்சைப்பசேலென்று, ஈரம் உள்ளே இருக்கும். வழுக்கும். ஆட்டக்காரர்கள் சின்னச் சின்ன அடி வைத்து ஓடுவதைக் கவனியுங்கள். இரண்டாவது வாரத்தில் பேஸ்லைன் பக்கம், அதாவது கோர்ட்டின் பின்கோட்டுப் பக்கம், புல் தேய்ந்து மண் தெரியும்போது அதே ஆட்கள் வேறு மாதிரி ஓடுவார்கள். முதல் ஏழு கேம் முடிந்ததும் பந்து மாற்றுவார்கள், அப்புறம் ஒன்பது கேமுக்கு ஒருமுறை. புதுப்பந்தில் சர்வ் செய்பவர் எதிராளிக்கு அதைத் தூக்கிக் காட்டுவார், அழகான மரியாதை. புதன்கிழமை இரட்டையர் ஆட்டம் இருந்தால் பேஸ்லைனுக்குப் பின்னால் இடம் பிடியுங்கள். வலையருகே நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரலால் காட்டும் சைகை உங்களுக்குத் தெரியும், எதிரணிக்குத் தெரியாது. அந்த இரகசியத்தில் நீங்களும் ஒரு ஆள்.

மூன்று நாள் முடிந்து திரும்பியதும் மிச்சப் போட்டியை டிவியிலும் போனிலும்தான் தொடர்வீர்கள். வேலை நேரத்தில் வெறும் எண்களைத்தான் பார்க்க முடியும். 40-40, ஒருவருக்கு அட்வான்டேஜ், மறுபடி 40-40, மறுபடி அட்வான்டேஜ். அப்புறம் எண் அப்படியே நிற்கும், ஒரு நிமிடம் மாறாது. நேரில் போகும் முன் எனக்கு அது வெறும் காத்திருப்புதான். போய் வந்த பிறகு, எண் நிற்கும்போதெல்லாம் யாரோ ஒருவர் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பதும், மூச்சை இழுப்பதும் தெரிகிறது.

போய் வந்து எழுதுங்கள். எந்தக் கோர்ட், யாருக்கும் யாருக்கும் ஆட்டம், எத்தனை செட் என்று எல்லாம் எழுதுங்கள். தோற்றவர் எழுந்து போகும்போது நீங்கள் எவ்வளவு நேரம் கைதட்டினீர்கள் என்பதையும்.

அன்புடன்.