"தாழ்ப்பாள் விழவில்லை என்றாள்"

கேள்வி: நாத்தனார் மகளின் கல்யாணத்துக்குத் துணி எடுக்க மாமியாரையும் மகளையும் அழைத்துக்கொண்டு தி.நகர் போயிருந்தேன். ஒரு பெரிய கடையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே வரிசையில் டிரையல் ரூம். 17 வயது மகள் குர்தி போட்டுப் பார்க்க உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழவில்லை என்றாள். மாமியார் கால் வலியோடு உட்கார்ந்திருந்ததால், சீக்கிரம் பார்த்துவிட்டு வா என்று சொல்லிவிட்டு நான் ஜாக்கெட் துணி பார்க்கப் போனேன். அதற்குள் கையில் பேன்ட்டோடு வந்த ஓர் ஆள் அந்தக் கதவைத் திறந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டாராம். 2 மாதமாக மகள் எந்தக் கடைக்கும் வருவதில்லை, என்னோடும் சரியாகப் பேசுவதில்லை. இருபாலருக்கும் பொதுவாக அறை வைத்த கடை மீது வழக்குப் போடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: டிரையல் ரூம் பற்றி வரும் கடிதங்கள் எல்லாவற்றிலும் "காலம் கெட்டுவிட்டது" என்று ஒரு வரி இருக்கும். உங்கள் கடிதத்தில் இரண்டு முறை இருந்தது. இடம் கருதி வெட்டிவிட்டேன். வெட்டக் கை வராத வரி ஒன்று உண்டு: "தாழ்ப்பாள் விழவில்லை என்றாள்."

யாரிடம் சொன்னாள்? உங்களிடம். எப்போது சொன்னாள்? அந்த ஆள் வருவதற்கு முன்னால். அதாவது நடக்கப்போவதை அவள் முன்கூட்டியே தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மாவோ ஜாக்கெட் துணிக்கு மேட்சிங் தேடப் போய்விட்டார். இரண்டு மாதமாக அவள் உங்களோடு பேசாததற்குக் காரணம் கேட்கிறீர்களா? கதவைத் திறந்தவராவது மன்னிப்புக் கேட்டார். நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

பொது வரிசை என்பதாலேயே கெட்டது என்கிறீர்கள். நான் வளர்ந்தது திருவல்லிக்கேணியில் ஓர் ஒண்டுக் குடித்தன வீட்டில். ஆறு குடும்பங்களுக்கு ஒரே குளியலறை. தகரக் கதவு. ஆண், பெண், கிழவர், குழந்தை எல்லோருக்கும் அதுதான். உள்ளே போகிறவர் துண்டைக் கதவின் மேல் போட்டுவிடுவார். துண்டு தொங்கினால் யாரும் கிட்டே போகமாட்டார்கள். கொண்டி கொஞ்சம் தளர்ந்தால் போதும், என் பாட்டி வீட்டுக்காரரை அன்றைக்கே சுத்தியலும் ஆணியுமாக வரவைத்துவிடுவார். ரயில் பெட்டியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கழிவறைதானே? மதுரை போகும்போது அதற்காக நீங்கள் வழக்குப் போட்டதுண்டா?

மனைவியை இழந்து மகளைத் தனியாக வளர்க்கும் அப்பா, பக்கவாதம் வந்த கணவருக்குச் சட்டை போட்டுப் பார்க்கும் மனைவி, எந்த வரிசையில் நின்றாலும் முறைக்கப்படும் திருநங்கை, இவர்களுக்கெல்லாம் பொது வரிசை பெரிய வசதி. மூன்றாம் பாலினத்தை ஏற்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014இல். ஆனால் பொது வரிசை வைக்கிற கடைக்காரர் கதவைத் தரை வரை இறக்க வேண்டும், தாழ்ப்பாளைத் திடமாகப் போட வேண்டும், வாசலில் ஆள் நிறுத்த வேண்டும். எத்தனை துணி உள்ளே போகிறது என்று எண்ணி டோக்கன் கொடுக்க ஆள் போடத் தெரிந்தவர்களுக்குத் தாழ்ப்பாளைப் பார்க்க ஆள் கிடைக்கவில்லையா? கடையின் மீது உங்களுக்குக் கோபம் இருந்தால் அதை இங்கே காட்டுங்கள். மேலாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

வழக்கு என்றால், தவறுதலாகத் திறந்தவர் மீது நிற்காது. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நம்பி உள்ளாடையோடு நிற்கும் பெண்ணை வேண்டுமென்றே ஒளிந்து பார்ப்பதும் படம் பிடிப்பதும்தான் குற்றம். 2013இல் 354சி பிரிவாக இந்திய தண்டனைச் சட்டத்தில் நுழைந்தது. 2024 ஜூலை முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 77ஆம் பிரிவு. முதல் முறைக்கே ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை. இந்த ஆபத்து "பெண்களுக்கு மட்டும்" என்று பலகை மாட்டிய அறையிலும் உண்டு. பின்னாலிருந்து ஆள் பார்க்க முடிகிற கண்ணாடியா என்று விரல் நகத்தை வைத்துப் பார்க்கும் வாட்ஸ்அப் வைத்தியத்தை நம்ப வேண்டாம். அறையில் வெளிச்சமும் பின்னால் இருட்டும் இருந்தால்தான் அந்த மாதிரிக் கண்ணாடி ஏமாற்றும். செல்போன் டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, பக்கவாட்டு வெளிச்சத்தைக் கையால் மறைத்து உற்றுப் பார்த்தால் பின்னால் அறை இருப்பது தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் எதையும் தொடாமல் வெளியே வந்து 112க்கு அழையுங்கள்.

இப்போது மாமியாருக்கு வருகிறேன். அவருக்குக் கால் வலி, காக்க வைத்தால் நாத்தனார் வீடு வரை பேச்சுப் போகும், அதுதானே பயம்? பெரியவர்களுக்கு அடங்கி நடப்பதை நான் குறை சொல்கிறவள் இல்லை. என் மாமியாருக்கு 14 வருஷம் நானே காபி ஆற்றிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் மகள் உடை மாற்றும் கதவுக்கு வெளியே நிற்பது தாயின் வேலை. அந்த வேலையில் மாமியாரின் முழங்காலுக்கு இரண்டாம் இடம்தான். இதில் வேடிக்கை, நீங்கள் அவரிடம் சொல்லியிருந்தால் உங்களுக்கு முன்னால் அவரே எழுந்து வந்திருப்பார். ஊர்க் குளத்தில் குளித்துக் கரையேறிய பெண் ஈரம் மாற்றும்போது, இன்னொருத்தி சேலையை விரித்துப் பிடித்து முதுகைக் காட்டி நிற்பாள். அந்த வழக்கம் அவர் தலைமுறைக்குத் தெரியாததா? மருமகளான நீங்கள்தான் அவரைக் கேட்கவே இல்லை.

மகள் கடைக்கு வராமல் போனில் பார்த்துத் துணி வாங்குகிறாள், பாதி அளவு சரியாக இல்லாமல் திருப்பி அனுப்புகிறாள் என்று கடைசியில் அலுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அனுப்பட்டும். அவள் அறைக் கதவுக்கு உள்ளே இருந்து தாழ்ப்பாள் விழுகிறது, அதனால் அங்கே போட்டுப் பார்க்கிறாள்.

முதலில் அவளிடம், "நீ சொன்னபோது நான் கேட்கவில்லை, தப்பு என்னுடையது" என்று சொல்லுங்கள். "ஆனால்" என்று ஒரு சொல்லைப் பின்னால் ஒட்டாதீர்கள். மாமியார் கால் வலி கதையும் அப்போது வேண்டாம். அவள் உடனே கரைந்துவிடமாட்டாள். தீபாவளிக்குத் துணி எடுக்க அவளாக வருகிறேன் என்றால் அழைத்துப் போங்கள். அவள் உள்ளே போகும் முன் நீங்கள் போய், தாழ்ப்பாளைப் போட்டு, கதவை இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். விழவில்லையா, எடுத்த துணியை அங்கேயே மடித்து வைத்துவிட்டு மூன்று பேருமாக வெளியே வந்துவிடுங்கள். பனகல் பார்க்கைச் சுற்றி வேறு கடையா இல்லை?