சீன ஹோட்டலில் தரும் வெள்ளரிக்காய் சாலட் வீட்டில் செய்தால் மட்டும் ஏன் தண்ணீர் விட்டுக்கொள்கிறது?

வட்ட வட்டமாக நறுக்கி, சாஸை ஊற்றிக் கலந்து, சில்லென்று ஆவதற்காக இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைப்பதாகச் சொல்கிறீர்கள் இல்லையா, கோளாறே அதில்தான். வெள்ளரிக்காயில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். சோயா சாஸில் இருக்கிற உப்பு அதை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் திறந்து பார்க்கும்போது சாஸெல்லாம் நீர்த்துப்போய் அடியில் நிற்கும், மேலே இருக்கிற துண்டுகள் சப்பென்று இருக்கும்.

சீனாவில் இந்த சாலட்டுக்குக் காயை முதலில் வெட்டுவதில்லை, அடிக்கிறார்கள். பாய் ஹுவாங்குவா என்று பெயர். அகலமான கத்தியைக் காயின் மேல் படுக்கவைத்து உள்ளங்கையால் ஒரு போடு போடுவார்கள். நமக்குச் சப்பாத்திக் கட்டை போதும். தோல் மெல்லிசான, பிஞ்சான காயாகப் பார்த்து வாங்கி, பலகையில் வைத்து நிதானமாகத் தட்டிக்கொண்டே வந்தால் நீளவாக்கில் மூன்று நான்கு கீற்றாகப் பிளக்கும், விதையும் பாதி தானாகவே கழன்று வந்துவிடும் (யார் மேலோ இருக்கிற கோபத்தை இதில் காட்டினால் துவையல்தான் மிஞ்சும்). பிறகு அந்தக் கீற்றுகளை ஒரு வாய் அளவுக்குச் சாய்வாக வெட்டிக்கொள்ளுங்கள். கத்தி பட்ட பக்கம் வழவழவென்று இருப்பதால் சாஸ் வழிந்து ஓடிவிடும். பிளந்த பக்கம் சொரசொரப்பாக, பள்ளமும் மேடுமாக இருக்கும், அங்கேதான் சாஸ் ஒட்டி நிற்கும்.

அரை கிலோ காய்க்கு ஒரு டீஸ்பூன் தூள் உப்பு, ஒரு டீஸ்பூன் சர்க்கரை போட்டுப் பிசறி, ஓட்டை வடிகட்டியில் கொட்டி, கீழே ஒரு கிண்ணம் வைத்து அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் விடுங்கள். தண்ணீரும் வடியும், காயும் குளிரும். வடிந்ததைக் கொட்டிவிட்டுக் காயை நன்றாக உதறினால் போதும், கழுவ வேண்டாம்.

சாஸுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், ஒன்றரை டேபிள்ஸ்பூன் வினிகர், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, தட்டிய பூண்டு இரண்டு மூன்று பல். இதற்கு மேல் உப்பு சேர்க்காதீர்கள். வினிகர் என்றால் அங்கே ஜென்ஜியாங் ஊர்க் கறுப்பு வினிகர், ஒட்டும் அரிசியில் செய்வது. அது கிடைக்காவிட்டால் அரிசி வினிகர் போடலாம். மளிகைக் கடை வெள்ளை வினிகர் காரமாக அடிக்கும், அதில் ஒரு டேபிள்ஸ்பூன் எடுத்து அரை டேபிள்ஸ்பூன் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். எலுமிச்சை பிழிந்தாலும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நீங்கள் கேட்கிற ஹோட்டல் ருசி வராது.

அந்த ருசியில் பாதி எள் எண்ணெயில் இருக்கிறது. நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது. அவர்களுடையது எள்ளை வறுத்து எடுப்பதால் நிறம் கறுத்து, வாசனை தூக்கலாக இருக்கும். சமைக்க அல்ல, வாசனைக்காக ஒரு டீஸ்பூன் கடைசியில் விடுவார்கள். அது இல்லையென்றால் ஒரு டீஸ்பூன் வெள்ளை எள்ளைப் படபடவென்று பொரியும்வரை வறுத்து, ஒன்றிரண்டாகப் பொடித்து, கொஞ்சம் நல்லெண்ணெயோடு கலந்து போடுங்கள், ஏறத்தாழ அதே வாசனை வந்துவிடும். காரம் வேண்டுமானால் மிளகாய்ச் செதில்களின் மேல் சூடான எண்ணெயை ஊற்றி அதில் ஒரு ஸ்பூன்.

இன்னொன்று, சில்லென்று இருக்கிற பண்டத்தில் இனிப்பு மட்டாகத்தான் தெரியும். அதனால் சாஸைத் தனியாக நக்கிப் பார்க்கும்போது ருசி ஒரு சுற்றுத் தூக்கலாகவே இருக்கட்டும்.

விருந்தாளிகளுக்காக முன்கூட்டியே செய்து வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். காலையிலேயே உப்புப் போட்டு வடித்த காயை ஒரு டப்பாவிலும் சாஸை ஒரு பாட்டிலிலும் தனித்தனியாக ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். பரிமாறுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் கலந்தால் போதும், வறுத்த வேர்க்கடலை போடுவதாக இருந்தால் அது தட்டில் வைத்த பிறகு.