முழங்கால் வலியுள்ள அம்மாவோடு திக்கல் போகலாமா?

68 வயது அம்மாவுக்கு முழங்கால் வலி, குவாத்தமாலா குழுப் பயணத்தில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கூட்டிப் போங்கள்.

திக்கல் என்பது குவாத்தமாலாக் காட்டுக்குள் இருக்கும் பழைய மாயா நகரத்தின் இடிபாடுகள். அங்கே படியை விட நடைதான் அதிகம். காட்டுக்குள் கோயில்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, மழை பெய்தால் பாதை வழுக்கும். முதலாம் கோயிலில் யாரையுமே ஏற விடுவதில்லை. அதையும் எதிரே உள்ள இரண்டாம் கோயிலையும் அம்மா பெரிய சதுக்கத்தில் உட்கார்ந்தே நன்றாகப் பார்க்கலாம். நான்காம் கோயில் சுமார் 65 மீட்டர் உயரம், மரப் படிக்கட்டு. நீங்கள் மட்டும் ஏறுங்கள். அந்த நேரம் அம்மாவோடு யார் இருப்பார்கள் என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். அப்புறம், தங்குவது திக்கல் தேசியப் பூங்காவுக்குள்ளேயா, ஃபுளோரெஸ் ஊரிலா? ஃபுளோரெஸ் என்றால் வேனில் போகவே ஒன்றரை மணி நேரம் ஆகும். காசு கூடினாலும் உள்ளேயே தங்குங்கள், காலை வெயில் ஏறும் முன் மெதுவாக நடக்கலாம்.

குவாத்தமாலாவிலேயே சிச்சிகாஸ்தெனாங்கோ என்ற மலையூருக்கும் போவதாக இருந்தால், அங்கே வியாழனும் ஞாயிறும் சந்தை. அந்த ஊரின் சாந்தோ தோமாஸ் தேவாலயப் படிகளில் கிச்சே என்ற மாயா பழங்குடி மக்கள் ‘கோபால்’ (copal) என்ற மரப் பிசினைச் சாம்பிராணி போலப் புகைத்து வேண்டிக்கொள்வார்கள். அது அவர்களுடைய வழிபாடு. அந்தப் படிகளில் ஏறாமல் பக்கவாட்டு வாசலால் போங்கள், உள்ளே படம் எடுக்காதீர்கள்.