கேளுங்கள், சொல்கிறேன்: குரு இல்லாமல் சபை கண்ட ராண்டால்ஃப்

அமெரிக்காவின் ரகசிய ஞான சபைகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு கேள்வி வந்தது. பதிலில் பாஸ்கல் பெவர்லி ராண்டால்ஃப் என்ற பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழ் முழுக்க அவருக்கே.

வாசகி ஒருவர், தஞ்சாவூர்: யார் ஐயா இந்த ராண்டால்ஃப்? எம்.ஏ. வரலாறு படித்தேன். ஒரு இடத்திலும் இவர் பெயரைப் பார்த்ததில்லையே?

பாடப்புத்தகத்தில் வரமாட்டார் அம்மா. 1825 அக்டோபர் 8 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். அந்த மாநிலத்தில் அடிமை முறை சட்டப்படி முற்றிலும் ஒழிந்தது 1827 ஜூலை 4இல். அதற்கு ஒன்றே முக்கால் ஆண்டு முன்னால் ஒரு கறுப்பினத் தாய்க்குப் பிள்ளையாகப் பிறந்திருக்கிறார். தாய் பெயர் ஃப்ளோரா. தந்தை வெர்ஜீனியாவின் பெரிய இடத்துக் குடும்பமான ராண்டால்ஃப் வம்சத்து வெள்ளைக்காரர் என்று இவரே சொல்லிக்கொண்டார். அந்தத் தந்தை இவருக்குப் பெயரைத் தவிர எதையும் தரவில்லை. தாயும் இவரது சின்ன வயதிலேயே இறந்துபோனார். அநாதைப் பிள்ளையாய்த் தெருவில் திரிந்து, பதின்வயதில் கப்பலேறி, கரைக்குத் திரும்பிச் சாயம் தோய்க்கவும் முடிவெட்டவும் கற்றுக்கொண்டு பிழைத்தார்.

1848இல் நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் கிராமத்தில் ஃபாக்ஸ் சகோதரிகள் இறந்தவர்களோடு தட்டும் ஓசையில் பேசுவதாகச் சொன்னார்கள். அதிலிருந்து அமெரிக்கா முழுக்க ஆவியுலகப் பித்து பரவியது. முடிவெட்டிக்கொண்டிருந்த ராண்டால்ஃப் மேடையேறினார். கண்ணை மூடி மயக்க நிலைக்குப் போவார். செத்துப்போன அறிஞர்கள் அவர் வாயால் பேசுவதாகக் கூட்டம் நம்பும். பள்ளிப் படிப்பு ஏறக்குறைய இல்லாத ஒரு கறுப்பின மனிதரின் பேச்சை வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்து உட்கார்ந்து கேட்டார்கள். ஆனால் அது அவருடைய பேச்சாக இல்லாதவரைக்கும்தான் கேட்டார்கள். அவர் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த முதல் பிடி இதுதான்.

வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்: அவர் தொடங்கிய சபை எது? உண்மையிலேயே பழைய பரம்பரை உண்டா?

1858இல் ஆவியுலகக் கூட்டத்தை விட்டு வெளியேறினார். அதை வெளிப்படையாகக் கண்டித்தும் பேசினார். இன்னொருவர் தன் உடம்பில் புகுந்து பேச இடம்கொடுத்தால் தன் மனவுறுதி அழிந்துபோகிறது என்பது அவர் கண்ட அனுபவம். அதன் பிறகு அவர் கற்பித்ததெல்லாம் அதற்கு நேர் எதிரானது. விழிப்போடு இரு, உன் மனத்திட்பத்தை வளர்த்துக்கொள் என்றார். 1861இல் சான் பிரான்சிஸ்கோவில் ரோசிக்ரூசியன் சபை ஒன்றை நிறுவினார். அமெரிக்க மண்ணில் அந்தப் பெயரில் எழுந்த இன்றைய சபைகள் சில, இவரையே தங்கள் மூலவராகச் சொல்கின்றன.

ரோசிக்ரூசியன் என்பது 1614, 1615இல் ஜெர்மனியில் அச்சான இரண்டு அறிக்கைகளால் பிரபலமான பெயர். ரகசிய ஞானிகளின் சகோதரத்துவம் ஒன்று இருப்பதாக அவை சொல்லின. அப்படி ஒரு சகோதரத்துவம் அப்போது இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. இருநூற்றைம்பது ஆண்டு கழித்து ராண்டால்ஃப் அந்தப் பெயரை எடுத்துப் போர்த்திக்கொண்டார். போதாக்குறைக்குச் சிரியாவின் நுசைரி மக்களிடம் ரகசியம் பெற்றதாகவும் சொன்னார்.

பரம்பரை உண்டா என்று கேட்டீர்கள். பதிலை அவரே எழுதிவைத்திருக்கிறார். 1874இல் வெளியிட்ட ‘யூலிஸ்’ என்ற நூலில், ரோசிக்ரூசியம் என்று நான் தந்ததில் ஏறக்குறைய எல்லாமே என் ஆன்மாவில் பிறந்தவை, பழையவர்களிடமிருந்து சில குறிப்புகளைத் தவிர எதையும் வாங்கவில்லை என்கிறார். வேறெங்கோ பிறந்தது என்று நினைத்ததால்தான் உலகம் அதற்குக் கைதட்டியது, ராண்டால்ஃபின் நெஞ்சில் பிறந்தது என்று தெரிந்திருந்தால் தட்டியிராது என்றும் சேர்த்து எழுதினார்.

ரகசிய சபை கண்டவர்களில் உயிரோடு இருக்கும்போதே இப்படி அச்சில் ஒப்புக்கொண்ட இன்னொருவரை நான் படித்ததில்லை. குருபரம்பரை இல்லாதவன் சொல்லுக்குச் சபையில் மதிப்பில்லை என்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். குலமும் படிப்பும் பார்க்கும் அமெரிக்காவில், அநாதையாக வளர்ந்த ஒரு கறுப்பினத்தவர் தன் பெயரில் ஒரு தத்துவம் சொன்னால் யார் கேட்டிருப்பார்கள்? அவர் சொன்னது பொய்தான். அந்தப் பொய்யை அவரிடம் கேட்டு வாங்கியது அவர் காலம்.

வாசகர் ஒருவர், நாகர்கோவில்: அப்படியானால் ஏமாற்றுக்காரர் என்று நேராகச் சொல்ல வேண்டியதுதானே?

சில விஷயங்களில் சொல்லத்தான் வேண்டும். மாயக்கண்ணாடி விற்றார். ‘புரோட்டோசோன்’ என்று பெயர் வைத்து ஆண்மை, பெண்மை வலிமைக்கு மருந்து விற்றார். கஞ்சாப் பிசினான ஹஷீஷை ஞானத்துக்கு வழி என்று அமெரிக்காவில் பரப்பியவர்களில் அவரும் ஒருவர். நோயோடும் ஏக்கத்தோடும் வந்த மக்களிடம் இவற்றை விற்றதை நான் நியாயப்படுத்த மாட்டேன். முந்தைய பதிலில் நான் காட்டிய பரிவு இந்த வியாபாரத்துக்குச் சேராது.

பெயர் வெளியிட வேண்டாம், சேலம்: ராண்டால்ஃப் காமத்தை மந்திரமாக்கியவர் என்று படித்தேன். இதை ஒரு குடும்பப் பத்திரிகையில் பேசலாமா?

பேசலாம். அவர் எழுதியதில் பெரும்பகுதி கணவன் மனைவிக்குத்தான். கூடலின் உச்சக் கணத்தில் இருவரும் ஒருமித்து எண்ணும் எண்ணத்துக்கு ஆற்றல் உண்டு என்றார். அதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை, நானும் நம்பவில்லை. ஆனால் அதற்கு அவர் வைத்த நிபந்தனையைக் கவனியுங்கள். இருவருக்கும் அன்பு இருக்க வேண்டும், பெண்ணுக்கும் இன்பம் கிட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கூடல் இருவருக்கும் கேடு. பெண்ணுக்கு அப்படி ஓர் உரிமை இருப்பதாகவே மருத்துவர்கள் பேசத் தயங்கிய காலம் அது. 1872இல் பாஸ்டனில் ஆபாச நூல் பரப்பினார் என்று கைது செய்தார்கள், வழக்கு நிற்கவில்லை. மறு ஆண்டே இத்தகைய எழுத்தைத் தபாலில் அனுப்புவதைக் குற்றமாக்கும் காம்ஸ்டாக் சட்டம் வந்தது.

1931இல் மரியா தெ நக்லோவ்ஸ்கா என்ற ரஷ்யப் பெண்மணி இவர் பெயரில் பாரிஸில் பிரெஞ்சு நூல் ஒன்றை வெளியிட்டார். இன்று பலரும் ராண்டால்ஃப் சொன்னதாக மேற்கோள் காட்டுவது அந்த நூலைத்தான். அதில் அவர் எழுதாதவையும் கலந்திருக்கின்றன. கவனமாகப் படியுங்கள்.

கல்லூரி மாணவர், மதுரை: நவீன ஞாஸ்டிக் சபைகளுக்கும் இவருக்கும் என்ன உறவு?

ஞாஸ்டிக்குகள் என்பவர்கள், உள்ளே கிடைக்கும் ஞானமே விடுதலைக்கு வழி என்று நம்பிய பழங்காலச் சமயப் பிரிவினர். இவருக்கு நவீன ஞாஸ்டிக் சபைகளோடு நேர் உறவு இல்லை தம்பி, கிளை உறவு உண்டு. இவர் கையெழுத்துப் போதனைகளை 1880களில் பிரிட்டனில் எழுந்த லக்சர் ஹெர்மெட்டிக் சகோதரத்துவம் என்ற மறைஞானச் சபை எடுத்துக்கொண்டது. அங்கிருந்து ஐரோப்பியச் சபைகளுக்குப் பரவி, ஜெர்மானியரான தியோடர் ராய்ஸின் ஓ.டி.ஓ. என்ற ரகசியச் சபை வரை அதன் சாயலைப் பார்க்கலாம். இன்னொரு பக்கம், 1890இல் ஆவணக் காப்பாளர் ஜூல் துவானெல் பிரான்சில் ஞாஸ்டிக் திருச்சபையைத் தொடங்கினார். இந்த இரண்டு நீரோட்டமும் பிறகு கலந்தன. பழைய ஞாஸ்டிக்குகளின் சொந்த நூல்கள் பெருமளவில் கிடைத்தது 1945இல், எகிப்தின் நாக் ஹம்மாடியில். அதற்கு முன்பு ஞாஸ்டிக் சபை கண்டவர்கள், ஞாஸ்டிக்குகளை எதிர்த்த பாதிரிமார் எழுதியதைத்தான் பெரும்பாலும் நம்பியிருந்தார்கள். இடைவெளியைக் கற்பனையால்தான் நிரப்ப முடிந்தது.

பிற்காலத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். 1935இல் சியாட்டிலில் பிறந்த மைக்கேல் பெர்ட்டியோ 1960களில் ஹெய்ட்டிக்குப் போனார். அங்கே ஜான்-மேன் குடும்பத்தாரின் சபையில் தீட்சை பெற்றார். சிகாகோ திரும்பி, ஆப்பிரிக்க வேர் கொண்ட ஹெய்ட்டியின் வூடூ வழிபாட்டையும் ஞாஸ்டிக் மரபையும் இணைத்துத் தபால் வழிப் பாடங்கள் நடத்தினார். தன் பரம்பரையின் வேர் ஹெய்ட்டியில் என்று பெருமையாகச் சொன்னார். அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804இல் விடுதலை அறிவித்த நாடு அது. வெள்ளையரான அவருக்குக் கறுப்பின மண்ணிலிருந்து வந்த பரம்பரை கௌரவமாயிற்று. நூறு ஆண்டு முன்னால் ராண்டால்ஃப் அதையே சொல்லியிருந்தால் கதவடைத்திருப்பார்கள். அவர் ஜெர்மனியையும் சிரியாவையும் தேட வேண்டியிருந்தது. இந்த இருவரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பிறகுதான் பரம்பரை என்ற பேச்சின் பின்னால் நிற்கும் தோலின் நிறம் எனக்குத் தெரிந்தது. நீங்களும் அப்படி வைத்துப் படியுங்கள்.

வாசகி ஒருவர், சென்னை: அடையாறு பிரம்ம ஞான சபைக்குத் தொடர்பு உண்டா?

பிளவாட்ஸ்கியும் ஆல்காட்டும் நியூயார்க்கில் சபையைத் தொடங்கியது 1875 நவம்பர் 17. ராண்டால்ஃப் இறந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. அவர் தம் சீடர்களுக்குத் தந்த மந்திரச் சொல் ஒன்றே: ‘முயன்று பார்’. 1875இல் ஆல்காட்டுக்கு மறைவிலிருந்த குருமார் எழுதியதாக வந்த கடிதங்களிலும் அதே சொல் வருகிறது. அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் நூல்கள் தெரிந்திருந்தன என்பதற்கு மேல் நான் போகமாட்டேன்.

புதுச்சேரிக்கு ஒரு தொடர்பு உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. லக்சர் சகோதரத்துவத்தின் தலைவராக இருந்தவர் மாக்ஸ் தியோன். பிறகு அல்ஜீரியாவின் த்லெம்சென் ஊரில் மனைவியோடு குடியேறினார். 1906, 1907இல் அங்கே போய் அவர்களிடம் மறைஞானம் பயின்றவர் மிரா அல்ஃபாசா, நாம் ஸ்ரீ அன்னை என்று வணங்குகிறவர். இதனால் ராண்டால்ஃபின் போதனை ஆசிரமத்துக்கு வந்தது என்று யாரும் எழுதிவிட வேண்டாம். தியோன் காலப்போக்கில் தமக்கென்று வேறு தத்துவம் வகுத்துக்கொண்டவர்.

வாசகர் ஒருவர், திருச்சி: ரகசிய தீட்சை தருவதாக ஒரு குழு என்னை அழைக்கிறது. கட்டணம் உண்டாம். சேரலாமா?

பாடங்களை எழுதியவர் யார் என்று கேளுங்கள். மொத்தம் எவ்வளவு செலவு என்று முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள். விலகினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். சாபம், கெடுதல் என்று பதில் வந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

பள்ளி ஆசிரியை, விருதுநகர்: இத்தனை குறையுள்ள ஒருவர் மேல் உங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

நீங்கள் ஆசிரியை என்பதால் உங்களுக்கு எளிதில் விளங்கும். உள்நாட்டுப் போரின்போது, 1863இல், கறுப்பின வீரர்களைத் திரட்டும் வேலையில் இறங்கினார். தனக்கு ஆப்பிரிக்க ரத்தமே இல்லை என்று எழுதியதும் உண்டு இவர். போர் வந்தபோது தயங்காமல் தன் மக்களோடு நின்றார். 1864இல் நியூ ஆர்லியன்ஸ் போய், விடுதலை பெற்ற அடிமைகளுக்கு எழுத்தறிவித்தார். அடிமைக்கு எழுதப் படிக்கக் கற்பித்தால் சிறை என்று லூசியானா 1830இல் சட்டம் போட்டிருந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் வளர்ந்தவர்கள்தான் அவர் முன்னால் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள்.

1866 ஜூலை 30 அன்று அதே ஊரில் வாக்குரிமை கேட்டுக் கூடிய கறுப்பினத்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பிலடெல்பியாவில், உள்நாட்டுப் போரில் அமெரிக்க ஒன்றியத்தின் பக்கம் நின்ற தென்மாநிலத்தவரின் மாநாடு. அதில் லூசியானாவின் பிரதிநிதியாக ராண்டால்ஃப் போய்ப் பேசினார். கறுப்பின ஆசிரியர்களை உருவாக்க ஒரு பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று நிதி கேட்டு அலைந்தார். அது கைகூடவில்லை. அதன் பிறகுதான் அரசியலை விட்டு முழுக்க மறைஞானத்துக்குள் போனார்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் மாயக்கண்ணாடிக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கி, இந்த வகுப்பறைக்கு ஒரு வரி தருகிறார்கள். எனக்கு அது ஆறவில்லை. என் கையில் இருந்தால் பக்கங்களை மாற்றிப் பிரித்திருப்பேன்.

வாசகி ஒருவர், ஈரோடு: கடைசியில் என்ன ஆனார்? குடும்பம் இருந்ததா?

பாஸ்டன் வழக்குக்குப் பிறகு ஓஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரில் குடியேறினார். கேட் கார்சன் என்ற இளம்பெண்ணோடு வாழ்ந்தார். 1874இல் மகன் பிறந்தான். குழந்தைக்கு ஒசைரிஸ் புத்தா என்று பெயரிட்டார். எகிப்தும் இந்தியாவும் ஒரே தொட்டிலில். பணமுடை, உடல்நலக் கேடு, மனக்கசப்பு எல்லாம் சேர்ந்து வாட்டின. 1875 ஜூலை 29 அன்று தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 49. தற்கொலை என்றுதான் விசாரணை முடிந்தது. பென்சில்வேனியாவின் குவாக்கர்டவுனில் அவர் பெயரைச் சொல்லிச் சபை நடத்திய ஸ்வின்பர்ன் கிளைமர், பொறாமை கொண்ட நண்பர் ஒருவர் கொன்றதாகப் பின்னாளில் எழுதினார். கிளைமர் பிறந்ததே 1878இல். எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை.

கேட் அம்மையார் கணவரின் நூல்களைக் கைவிடவில்லை. டொலிடோவிலிருந்தே மறுபடி மறுபடி அச்சிட்டு விற்றார். மகன் ஒசைரிஸ் படித்து அதே ஊரில் மருத்துவரானார்.