பாறையிடுக்கில் பூத்த நீல மலர்

கேள்வி: உத்தராகண்டில் ஹேம்குண்ட் ஏரிக்கு மலையேறிச் சென்றபோது, சுமார் 4,000 மீட்டர் உயரத்தில், பாறையிடுக்கில் ஒரு நீலப் பூவைக் கண்டேன். நான்கு இதழ்கள், நடுவில் பொன்மஞ்சள் கொத்து, தண்டிலும் இலையிலும் முள். இணையத்தில் தேடினால் பூட்டானின் தேசிய மலர் என்று வருகிறது. அதுதானா? - வாசகி ஒருவர்

பதில்: இல்லை, ஆனால் அதன் நெருங்கிய உறவு. நீங்கள் கண்டது மெக்கோனாப்சிஸ் அக்யூலியாட்டா என்னும் இமாலய நீலப் பாப்பியாகவே இருக்க வேண்டும். கசகசாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த இது, காஷ்மீர் முதல் உத்தராகண்ட் வரையுள்ள மேற்கு இமயமலையில், கற்கள் நிறைந்த சரிவுகளில் வளர்ந்து, மழைக்காலத்தில் பூக்கிறது.

பலரும் நிறத்தை வைத்தே பூவை அடையாளம் காண முயல்கிறார்கள். அதைப் போல் ஏமாற்றும் அடையாளம் வேறில்லை. இந்த ஒரே சிற்றினத்தில் வெளிர்நீலப் பூவும் உண்டு, ஊதாப் பூவும் உண்டு. உங்கள் கேள்விக்கு விடை தந்தது நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்ட முள்தான். அதே உயரங்களில் பூக்கும் நீல ஜெரேனியத்துக்கு ஐந்து இதழ்கள். ஜென்ஷியன் பூவின் இதழ்கள் அடியில் இணைந்து குழலாக இருக்கும். கொடிய நஞ்சுள்ள அக்கோனைட்டின் பூவோ முக்காடிட்டது போலிருக்கும். இவற்றில் எதன் தண்டிலும் இத்தகைய வைக்கோல் நிற முட்கள் கிடையா. பூட்டானின் மலரும் நீலப் பாப்பியே என்றாலும், அது கிழக்கு இமயமலைக்குரிய வேறு சிற்றினம். அதன் இலைகள் விளிம்பில் மட்டும் பல்போல் வெட்டுப்பட்டவை. உங்கள் செடியின் இலைகளோ ஒழுங்கற்ற மடல்களாக ஆழப் பிளவுபட்டிருந்திருக்கும். படம் எடுத்திருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். பூவை மட்டும் அருகில் படமெடுத்து இலையை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. பூவின் பின்புறத்தில் புல்லி இதழ்களைத் தேட வேண்டாம். பாப்பி மலர்களில் அவை மொட்டு விரியும்போதே உதிர்ந்துவிடும்.

பறிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை; இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இச்செடி சில ஆண்டுகள் தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாக மட்டுமே இருந்து, ஒரே ஒரு பருவம் பூத்து, விதை தந்தபின் மடிந்துவிடுகிறது. ஆகவே, பூந்தண்டைக் கிள்ளினால் அச்செடியின் சந்ததியே அற்றுப்போகும். பருவத்தின் கடைசியில் அவ்வழியே செல்ல நேர்ந்தால், முள் போர்த்த காய்கள் நுனியில் வெடித்து விதை சிந்துவதைக் காணலாம்.